சோக்கை எடுத்தால் வண்டி நிற்கிறதா? புது கார்புரேட்டர் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

வாசகர் கேள்வி: அப்பாவின் 2008 மாடல் ஸ்பிளெண்டர் பிளஸ் இரண்டு வருடமாக போர்டிகோவிலேயே நின்றது. இப்போது சோக் போட்டு உதைத்தால் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறது. ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பிடித்தால் ஓடுகிறது. கார்புரேட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வீட்டில் ஸ்பேனர் செட் இருக்கிறது. நானே சரி செய்ய முடியுமா?

முடியும். நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளும் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன: கார்புரேட்டருக்குள் ஸ்லோ ஜெட் என்ற சிறு துளையுள்ள பித்தளைத் திருகும் அதன் பாதையும் அடைத்திருக்கின்றன. ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது பெட்ரோல் முழுவதும் அந்தச் சின்னப் பாதை வழியாகத்தான் போகிறது. அது அடைத்தால் காற்று மட்டும் போகும், பெட்ரோல் போதாது. சோக் போடும்போது காற்று குறைந்து உறிஞ்சும் வேகம் கூடுகிறது, மெயின் ஜெட் என்ற பெரிய துளை வழியாகவும் பெட்ரோல் வந்து குறையை ஈடுகட்டுகிறது. ஆக்ஸிலேட்டரைத் திறந்தாலும் மெயின் ஜெட் வேலைக்கு வந்துவிடும், அதனால் ஓடுகிறது. கார்புரேட்டர் கெட்டிருந்தால் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது.

பழைய ஒரிஜினல் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெயர் தெரியாத டூப்ளிகேட் ஒன்றை மாட்டாதீர்கள். அதில் ஜெட் அளவும், மெயின் ஜெட்டுக்கு மேலே ஏறி இறங்கும் ஊசியின் சரிவும் உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தும் என்று எந்த உறுதியும் இல்லை. கார்புரேட்டரின் உடல் விரிசல் விடாமல், ஸ்லைடு (ஆக்ஸிலேட்டர் கேபிள் தூக்கும் உருளை) தேயாமல் இருந்தால் பழையதைச் சுத்தம் செய்வதே சரி.

ஸ்பேனரைத் தொடும் முன் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் டேப் திறந்தபடியே வண்டி நின்றிருந்து, ஃப்ளோட் நீடிலும் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி) கசிந்திருந்தால் பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கியிருக்கும். ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயிலை மாற்றும்வரை உதைக்கவே வேண்டாம். இந்த எஞ்சினில் மட்டம் பார்க்கும்போது டிப்ஸ்டிக்கை மரையில் திருகாமல் சும்மா இறக்கித்தான் பார்க்க வேண்டும். திருகினால் மட்டம் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும்.

அடுத்தது வேலை செய்யும் இடம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். நம் போர்டிகோக்களில் இன்வெர்ட்டரும் போர் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியும் இருக்கும். டேங்க் நிரம்பியதும் ஆட்டோ ஸ்விட்ச் தானாகப் போட்டு நிறுத்தும்போது ஸ்டார்ட்டருக்குள் பொறி பறக்கும். வேலை முடியும்வரை மோட்டாரின் மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் பக்கத்தில் பெட்ரோலைத் திறக்காதீர்கள். கதவு திறந்திருக்கட்டும், பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது.

இனி, எதையும் கழற்றாமல் ஒரு சோதனை. கார்புரேட்டரின் கீழ்ப்பகுதியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்தான் ஃப்ளோட் சேம்பர், அதன் அடியில் ஒரு டிரெயின் ஸ்க்ரூ இருக்கும். கீழே கண்ணாடிக் குவளை ஒன்றைப் பிடித்து அதைத் திறந்து வடியுங்கள். பெட்ரோல் பழுப்பாக மாறி வார்னிஷ் வாடை அடித்தால் காய்ந்த பிசின் படிந்திருக்கிறது. அடியில் தனியாக ஒரு படலமோ குமிழ்களோ நின்றால் அது தண்ணீர். நம் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். அளவு மீறியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். வெள்ளைத் தூள் கண்ணில் பட்டால் கார்புரேட்டரின் உலோகமே அரித்திருக்கிறது, செம்பழுப்புத் தூள் என்றால் டேங்க் துருப்பிடித்திருக்கிறது. டேங்கில் உள்ளதை முழுதும் வடித்துவிடுங்கள். டேப்பை ரிசர்வில் வைத்து வடித்தால்தான் அடியில் நிற்கும் தண்ணீர் வரும். வடித்த பெட்ரோலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள்.

கழற்றும்போது வீணாகும் முதல் பொருள் ஸ்க்ரூவின் தலை. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த இந்தக் கார்புரேட்டர்களின் ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் என்ற வகை. சில ஸ்க்ரூவின் தலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் அடிவரை உட்காராது. பலம் கொடுத்ததும் மேலேறி வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் இரண்டாம் நம்பர் டிரைவர் ஒன்று வாங்குங்கள். நன்றாக அழுத்திப் பிடித்து, பிறகு திருப்புங்கள்.

பெட்ரோல் ஹோஸையும் ஏர் ஃபில்டர் குழாயின் கிளிப்பையும் எடுத்துவிட்டு, எஞ்சின் பக்கம் உள்ள இரண்டு போல்ட்டுகளை 10ஆம் நம்பர் ஸ்பேனரால் கழற்றுங்கள். மேல் மூடியைத் திருகினால் கேபிளோடு ஸ்லைடும் ஊசியும் வெளியே வரும். ஊசியின் கிளிப் எந்தக் காடியில் இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் உள்ள ஏர் ஸ்க்ரூவை (ஸ்லோ ஜெட் பாதைக்குப் போகும் காற்றின் அளவை வைக்கும் திருகு) எடுக்கும் முன், அதை மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதுங்கள். அடியில் பட்டதும் நிறுத்துங்கள், இறுக்கினால் முனை நசுங்கும்.

சேம்பரைத் திறந்து ஃப்ளோட் பின்னை உருவி, ஃப்ளோட்டையும் நீடிலையும் எடுத்துவிடுங்கள். ரப்பர் ஓ-ரிங், வாஷர் எல்லாவற்றையும் ஸ்பிரே அடிக்கும் முன்பே வெளியே எடுத்து வைக்க வேண்டும். கார்புரேட்டர் கிளீனர் ரப்பரை ஊதவைத்துவிடும், பிறகு அது தன் பள்ளத்தில் உட்காராது.

நடுவில் பெரியது மெயின் ஜெட், பக்கத்தில் ஒல்லியானது ஸ்லோ ஜெட். கெய்ஹின் ஜெட்டில் 35 என்று பொறித்திருந்தால் துளை சுமார் 0.35 மி.மீ. என்று கொள்ளலாம். ஒரு துளி பிசின் போதும் அதை மூட. சில கார்புரேட்டர்களில் ஸ்லோ ஜெட் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். தலையில் காடி இல்லையென்றால் அது கழன்று வராது, பிடுங்காதீர்கள்.

தையல் ஊசி, கம்பி, சேஃப்டி பின் எதுவும் ஜெட்டுக்குள் போகக்கூடாது. ஜெட் பித்தளை, எஃகு அதைக் கீறிப் பெரிதாக்கிவிடும். பிறகு பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எந்தத் திருகலாலும் அதைச் சரி செய்ய முடியாது. கிளீனரில் ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். அப்புறமும் துளை வழியாக வெளிச்சம் தெரியாவிட்டால், சாதாரண ஃப்ளெக்சிபிள் ஒயரைச் சீவி அதிலிருந்து ஒற்றைச் செப்பு இழையை எடுங்கள். அது சுமார் 0.2 மி.மீ. தடிமன்தான் இருக்கும், ஜெட்டைக் காயப்படுத்தாது. எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ இரவு முழுக்க ஊறவைக்கச் சொல்வார்கள். ஜெட் பளபளக்கும், ஆனால் உடலின் துத்தநாக, அலுமினிய உலோகத்தை அமிலம் அரிக்கும். வேண்டாம்.

பலரும் கோட்டை விடும் இடம் இதற்கு அடுத்தது. ஜெட்டைச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு, கோளாறு அப்படியே இருக்கிறது, ஆகவே கார்புரேட்டர் போச்சு என்று முடிவு செய்கிறார்கள். ஜெட்டைத் தாண்டி உடலுக்குள்ளே ஒரு பாதை ஓடுகிறது, அதுவும் திறக்க வேண்டும். கண்ணாடி அணிந்துகொண்டு, ஸ்லோ ஜெட் இருந்த துளையில் ஸ்பிரே குழாயை வைத்து அடியுங்கள். கார்புரேட்டர் வாயின் எஞ்சின் பக்கம், ஸ்லைடு உட்காரும் இடத்தை ஒட்டிக் குண்டூசி முனை அளவில் ஒரு துளை இருக்கும். அதிலிருந்து கோடாகப் பீய்ச்ச வேண்டும். ஏர் ஸ்க்ரூ இருந்த துளையிலிருந்தும், ஏர் ஃபில்டர் பக்கத்துச் சிறு துளையிலிருந்தும் அடித்துப் பாருங்கள். சொட்டினால் போதாது, பீய்ச்சும்வரை விடாதீர்கள். பக்கத்துப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு துளையிலும் காற்று பிடித்துவிட்டு வந்தால் மீதி அழுக்கும் போய்விடும்.

மாட்டும்போது ரிப்பேர் கிட்டில் வரும் புது ஓ-ரிங்குகளையே போடுங்கள். 2008 வண்டியின் ரப்பர் 20 சதவீத எத்தனாலை எண்ணிச் செய்யப்பட்டதல்ல. பெட்ரோல் ஹோஸையும் மாற்றிவிடுங்கள். சேம்பரை மூடிய பின் கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் குழாயில் ஒரு சிரிஞ்சால் காற்று தள்ளுங்கள். தலைகீழாக இருக்கும்போது காற்று போகக்கூடாது, நேராகப் பிடித்தால் தாராளமாகப் போக வேண்டும். தலைகீழாகவும் போனால் நீடில் கசிகிறது, மாற்றுங்கள்.

ஸ்லைடை இறக்கும்போது அவசரம் கூடாது. ஸ்லைடில் உள்ள நீளக் காடி உடலில் இருக்கும் சிறு முளையில் உட்கார வேண்டும், வளைவாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். மாறி உட்கார்ந்தால் ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலேட்டர் முழுதாகத் திறந்தபடி எஞ்சின் அலறும். மாட்டி முடித்ததும் ஆக்ஸிலேட்டரைத் திருகி விடுங்கள், ‘டக்’ என்று தானாக மூட வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் ஒடித்து வைத்தும் இதைச் சோதியுங்கள்.

எஞ்சின் பக்கத்து இரண்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றி, மணிக்கட்டு பலத்தில் மட்டும் இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுதாக இறுக்கினால் ஃபிளாஞ்ச் (போல்ட் மாட்டும் தட்டையான விளிம்பு) வளைந்து இடுக்கில் காற்று புகும். அப்போதும் இதே அறிகுறிதான் வரும்: சோக் இல்லாமல் எஞ்சின் ஓடாது. கார்புரேட்டருக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ஓ-ரிங் தட்டையாகியிருந்தாலும் இதே கதைதான், அதையும் மாற்றுங்கள்.

டியூனிங் சுலபம். ஏர் ஸ்க்ரூவை முழுதும் மூடி ஒன்றரைச் சுற்று திறங்கள். புதுப் பெட்ரோல் 2 லிட்டர் ஊற்றி, ஐந்து கிலோமீட்டர் ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். பிறகு ஏர் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, எஞ்சின் வேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். கூடிய வேகத்தை ஐடில் ஸ்க்ரூவால் (ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது ஓடும் வேகத்தை வைக்கும் திருகு) குறையுங்கள். நிமிடத்துக்கு 1400 சுற்று அளவில் நின்றால் சரி. ஏர் ஸ்க்ரூவை மூன்று சுற்று திறந்தாலும் எஞ்சினில் மாற்றமே தெரியவில்லை என்றால், உள்பாதை இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. மறுபடி கழற்றி அந்தத் துளையிலிருந்தே தொடங்குங்கள்.

டேங்கில் துரு இருந்தால் அதையும் முடித்துவிட்டுத்தான் கார்புரேட்டரை மாட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரே வாரத்தில் ஜெட் திரும்ப அடைக்கும். டேப்பைக் கழற்றி துளையை ரப்பர் அடைப்பானால் மூடி, லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்த வெந்நீரை நிரப்பி ஒரு நாள் விடுங்கள். டேங்க் எஃகு என்பதால் இங்கே இந்த அமிலம் சரி. பெயிண்டில் வழியவிடாதீர்கள். கொட்டிவிட்டு, சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, உடனே கொஞ்சம் எஞ்சின் ஆயிலை உள்ளே ஊற்றிச் சுழற்றுங்கள். காய்ந்த டேங்க்கைச் சும்மா விட்டால் மறுநாளே செந்நிறம் கட்டும். பாத்ரூம் கழுவும் ஆசிட் வேண்டாம், அது துருவோடு தகட்டையும் தின்னும்.

இவ்வளவும் செய்தும் சூடான எஞ்சின் நிற்கிறதென்றால், டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பகுதிக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியைப் பாருங்கள். அது இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாமல் ஐடிலில் கம்ப்ரஷன் குறையும். எஞ்சின் முழுதும் குளிர்ந்த பின், காலையில் பார்ப்பதுதான் முறை. அளவு உங்கள் வண்டியின் மேனுவலில் இருக்கும்.