மேக்னம் ரிவால்வரில் ஸ்பெஷல் தோட்டா போடலாமா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறேன். .44 மேக்னம் ரிவால்வர் ஒன்று வாங்கினேன். ஒரு பெட்டித் தோட்டாவில் பாதியைச் சுடுவதற்குள் மணிக்கட்டு வலிக்கிறது. விசையை அழுத்தும்போதே கண் மூடிக்கொள்கிறது. .44 ஸ்பெஷல் தோட்டாவை இதிலேயே போடலாம் என்கிறார் கடைக்காரர். துப்பாக்கி கெட்டுவிடாதா?

பதில்: தாராளமாகப் போடலாம், கெடாது. 1907 வாக்கில் வந்த ஸ்பெஷல் தோட்டாவின் உலோக உறையை எட்டில் ஓர் அங்குலம், அதாவது சுமார் 3 மில்லிமீட்டர், நீட்டித்தான் 1950களில் மேக்னத்தை உருவாக்கினார்கள். குண்டின் விட்டம் இரண்டிலும் ஒன்றே. உறையின் அடிவிளிம்பு சிலிண்டரில், அதாவது தோட்டாக்களை வைக்கும் சுழல் உருளையில், தங்கி நிற்பதால், உறை குட்டையானாலும் தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி சரியான இடத்தில்தான் அடிக்கும்.

ஆனால் இது ஒருவழிப் பாதை. ஸ்பெஷலுக்கென்றே செய்த துப்பாக்கியில் மேக்னத்தை ஒருபோதும் போடாதீர்கள். ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தொழில்துறை அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,500 பவுண்டு, மேக்னத்துக்கு 36,000. பழைய துப்பாக்கிகளில் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே உறையை நீளமாக்கினார்கள்.

உங்கள் மணிக்கட்டு வலிக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. வழக்கமான ஸ்பெஷல் தோட்டாவில் 246 கிரெய்ன் (சுமார் 16 கிராம்) எடையுள்ள ஈயக்குண்டு நொடிக்கு ஏறத்தாழ 750 அடி வேகத்தில் போகிறது. அதே அளவு எடையுள்ள மேக்னம் குண்டு 1,200 அடியை எளிதாகத் தாண்டும். கண் மூடும் பழக்கம் வலிமையால் போகாது. மென்மையான தோட்டாவில் நூற்றுக்கணக்கில் சுட்டுத்தான் போகும். அதனால் கடைக்காரர் சொன்னதை முழு மனத்தோடு வழிமொழிகிறேன்.

பலரும் கோட்டைவிடுவது துப்புரவில். குட்டையான உறையின் வாய் முடியும் இடத்துக்கு முன்னால், சிலிண்டரின் ஒவ்வோர் அறையிலும் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். ஸ்பெஷல் மட்டும் சுடும்வரை அது தெரியாது. பிறகு ஒருநாள் மேக்னத்தைப் போட்டால், நீண்ட உறை அந்த வளையத்தில் முட்டி முழுதாக உள்ளே இறங்காது. கட்டைவிரலால் அழுத்தித் திணித்துவிட்டால் ஆபத்து: உறையின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறக்கூடும், வெற்று உறையும் சிக்கிக்கொள்ளும். எந்தத் தோட்டாவையும் திணிக்காதீர்கள்.

சுட்டு முடித்த அன்றே, குழலை மட்டும் துடைத்துவிட்டு நிறுத்தாமல், கரைப்பானை அறைகளில் விட்டுச் சற்று ஊறவைத்து வெண்கலத் தூரிகையால் தேயுங்கள். அறை குழலைவிடச் சற்று அகலமானது; .45 அளவுத் தூரிகை நன்றாகப் பிடிக்கும். ஒரே நாளில் இரண்டையும் சுடுவதானால் மேக்னத்தை முதலில் முடித்துவிடுங்கள். நான் கடைப்பிடிக்கும் வரிசையும் அதுதான்.

தோட்டா மாறினால் குண்டு படும் இடமும் மாறும். 25 கெஜத்தில் தாள் இலக்கில் சுட்டுப் பார்த்து, குறிபார்க்க உதவும் பின்பக்கக் குறியைத் திருத்திக்கொள்ளுங்கள்.

மென்மையான தோட்டாவிலும் சத்தம் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும். ஒரு முறை வெறும் 'டப்' என்று மந்தமாகக் கேட்டால், குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த விசையை அழுத்தாதீர்கள். குழலைப் பாதுகாப்பான திசையிலேயே சற்று நேரம் வைத்திருந்து, சிலிண்டரைத் திறந்து எல்லாத் தோட்டாக்களையும் எடுத்துவிட்டு, குழலுக்குள் வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பின்பக்கமிருந்து பாருங்கள். அடைத்திருந்தால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.