எட்டாயிரம் ரூபாய்க்குக் கட்டானா: அலகைப் பார்க்கும் முன் கைப்பிடிக்குள் பாருங்கள்

கேள்வி: மதுரை திருநகரில் வசிக்கிறேன், வயது 24. சிறுவயதிலிருந்து சிலம்பம் பழகியவன். இப்போது ஜப்பானிய வாள்வீச்சு கற்க ஆசை. 8,000 ரூபாய்க்குள் ஒரு கட்டானா வாங்க நினைக்கிறேன். ‘ஜப்பானில் கையால் அடித்தது, 1095 கார்பன் எஃகு, டமாஸ்கஸ்’ என்று இணையத்தில் 4,500 ரூபாய்க்கு ஒன்று இருக்கிறது. தெரிந்த ஒருவர், “திருப்பாச்சேத்தியில் சொல்லி அடித்துத் தருகிறேன், இதைவிட உறுதியாக இருக்கும்” என்கிறார். எதை வாங்கலாம்? உரிமம் தேவையா?

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள், தம்பி. முதலாவது பொய். இரண்டாவது, உங்களையும் பாவம் அந்தப் பட்டறைக்காரரையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டிவிடும். கப்பலூரில் எஃகுக்குப் பதம் ஏற்றும் தொழிலில் இருப்பவன் நான். உடைந்த வாள்களைக் கொண்டுவந்து “இதை ஒட்டித் தர முடியுமா?” என்று கேட்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன்.

ஜப்பானில் 1958-ஆம் ஆண்டின் துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அங்கே நினைத்தவரெல்லாம் எஃகு வாள் அடித்துவிட முடியாது. மூத்த கொல்லர் ஒருவரிடம் ஐந்தாண்டுகள் தொழில் பழகி, அரசின் பண்பாட்டுத் துறையிடம் தேர்ச்சி பெற்றவருக்குத்தான் உரிமம். உரிமம் பெற்ற பிறகும் ஒரு மாதத்தில் இரண்டு நெடுவாளுக்கு மேல் அடிக்கக் கூடாது. அவர்கள் பயன்படுத்தும் தமஹகானே எஃகு, ஷிமானே பகுதியில் களிமண் உலையில் இரும்பு மணலையும் மரக்கரியையும் இரவுபகலாக எரித்து எடுக்கப்படுவது. ஒவ்வொரு வாளுக்கும் பதிவுச் சான்று உண்டு. நாட்டை விட்டு வெளியே அனுப்ப வேண்டுமென்றால் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். இத்தனையும் தாண்டி வரும் வாளின் விலை லட்சங்களில்தான் தொடங்கும். ஆகவே ‘ஜப்பானில் செய்த மலிவு எஃகு வாள்’ என்று உலகில் ஒரு பொருளே கிடையாது. அப்படி எழுதி விற்பவர் மற்ற எல்லாவற்றிலும் உண்மை சொல்வார் என்று எதை வைத்து நம்புவது?

மலிவு விலை வாள்களில் பெரும்பகுதி சீனாவின் லாங்சுவான் நகரிலிருந்து வருகிறது. கொஞ்சம் நம் டேராடூன் பக்கத்துப் பட்டறைகளிலிருந்தும் வருகிறது. அதில் குறை ஒன்றும் இல்லை. லாங்சுவானில் தலைமுறை தலைமுறையாக வாள் அடிக்கிறார்கள், நல்ல வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். ஊர் பெயரை மறைத்து விற்பவரைத்தான் நான் திட்டுகிறேன்.

இனி மிக முக்கியமான விஷயம். வாளை வாங்குபவர்கள் அலகின் பளபளப்பைப் பார்க்கிறார்கள், உறையின் அரக்குப் பூச்சைப் பார்க்கிறார்கள். கைப்பிடிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. உயிருக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஒழுங்காகச் செய்த கட்டானாவின் கைப்பிடியில், நாடாச் சுற்றுகளுக்கு இடையே ஒரு மூங்கில் ஆணி தெரியும். சிலவற்றில் இரண்டு இருக்கும். மெகுகி என்பார்கள். சிறிய சுத்தியலும் ஒரு குச்சியும் வைத்து மெல்லத் தட்டினால் அது மறுபக்கம் வெளியே வர வேண்டும். ஆணி வந்ததும், வாளின் கூர்ப்பக்கம் உங்களைப் பார்க்காதபடி நிமிர்த்தி, கைப்பிடியின் அடியை இடக்கையால் பிடித்துக்கொண்டு, அந்த மணிக்கட்டின் மேல் வலக்கை முஷ்டியால் ஒரு தட்டு தட்டுங்கள். அலகு தளர்ந்து மேலே எழும்பும். உள்ளே இருக்கும் வால்பகுதி அலகோடு ஒரே துண்டாக, அலகின் முதுகு அளவுக்குத் தடிமனாக, கைப்பிடியின் நீளத்தில் முக்கால்வாசிக்காவது இறங்கியிருக்க வேண்டும். அதன் குறுக்கே ஆணித்துளை இருக்கும். கைப்பிடியின் கடைசி வரை அது போக வேண்டிய அவசியம் இல்லை. ஜப்பானிய வாளிலேயே அப்படிப் போவதில்லை.

இணையத்தில் நாலாயிரம் ஐயாயிரத்துக்கு விற்கும் அலங்கார வாள்கள் பலவற்றின் கைப்பிடியைக் கழற்றினால் பென்சில் தடிமனில் ஒரு கம்பிதான் இருக்கும். அலகின் அடியில் அதை வெல்டு வைத்து, மறுமுனையில் ஒரு நட்டைப் போட்டு முடுக்கியிருப்பார்கள். வெல்டு வைத்த இடத்தை ஒட்டிய எஃகு, பதம் கெட்டு நொய்ந்திருக்கும். வீசும்போது முழு விசையும் அந்த ஒரே இடத்தில் போய் விழும். என்றோ ஒரு நாள் வெல்டு விட்டுப்போய், எழுபது சென்டிமீட்டர் அலகு தனியாகப் பறக்கும். மொட்டை மாடியில் வீசிப் பழகும் பிள்ளையின் தம்பியோ தங்கையோ எதிரே நின்றிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதனால் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கைப்பிடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பகுதியைப் படம் எடுத்து அனுப்புவீர்களா?” கழற்றினால் உத்தரவாதம் போய்விடும், அது இறுக ஒட்டியது, கம்பெனி ரகசியம் என்று பேச ஆரம்பித்தால் அந்தக் கடையை மறந்துவிடுங்கள்.

எஃகின் எண்ணைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். 1045 என்றால் சுமார் 0.45 சதவீதம் கார்பன், 1060 என்றால் 0.60, 1095 என்றால் 0.95. எண் பெரியதென்றால் வாளும் சிறந்தது என்று விற்பவர்கள் சொல்வார்கள். கார்பன் கூடினால் கடினம் கூடும், தோய்ச்சலில், அதாவது பழுக்கக் காய்ச்சிய எஃகை முக்கிச் சட்டென்று குளிர வைப்பதில், கை தவறினால் உடையும் தன்மையும் கூடும். மலிவு விலையில் யார் அவ்வளவு கவனமாகத் தோய்ச்சல் போடப்போகிறார்கள்? என்னைக் கேட்டால் மலிவு 1095-ஐவிட ஒழுங்காகப் பதம் ஏற்றிய 1060 மேல். துருப்பிடிக்காத எஃகு சமையலறைக் கத்திக்கு அருமையானது. அவ்வளவு நீள அலகுக்கு ஆகாது, சுவரில் மாட்ட மட்டும்தான். அலகின் மேல் நெளிநெளியாகத் தெரியும் ‘டமாஸ்கஸ்’ கோடுகளுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அந்தக் காலத்து எஃகில் கசடு இருந்தது, அதைப் பரத்தி ஒன்றாக்க மடித்து மடித்து அடித்தார்கள். இன்றைய சுத்தமான எஃகை மடித்து அடிப்பதால் கிடைப்பது கோலம் மட்டுமே. பல வாள்களில் அந்தக் கோலமும் அமிலத்தால் வரைந்ததுதான்.

கூர்விளிம்பை ஒட்டி அலை அலையாக ஓடும் வெள்ளைக் கோட்டுக்கும் இதே கதைதான். முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் விளிம்பில் மெலிதாகவும் பூசித் தோய்ச்சல் போடும்போது விளிம்பு வேகமாகக் குளிர்ந்து கடினமாகிறது, முதுகு மென்மையாக நிற்கிறது. அந்த எல்லைதான் கோடாகத் தெரிகிறது. வாளின் வளைவில் பெரும்பகுதியும் அந்தத் தோய்ச்சலிலேயே வருவது. உண்மையான கோட்டை ஒற்றை பல்பின் கீழே சாய்த்துப் பார்த்தால் ஓரம் மூடுபனிபோல் கலங்கியிருக்கும். கம்பிப் பிரஷால் தேய்த்து உண்டாக்கிய கோடு எந்தக் கோணத்தில் திருப்பினாலும் ஒரே வெள்ளையாக இருக்கும்.

திருப்பாச்சேத்திக்கு வருவோம். லாரிப் பட்டையை அடித்து அவர்கள் செய்யும் அரிவாளுக்கு நான் தலைவணங்குகிறேன். அது நல்ல ஸ்பிரிங் எஃகு, அவர்கள் கைக்குப் பழகிய எஃகு. ஆனால் அரிவாள் குட்டையானது, அகலமானது. எழுபது சென்டிமீட்டர் நீளத்தில் மெல்லிய அலகைக் கோணாமல் தோய்ச்சல் போடுவது வேறு வித்தை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 2021 செப்டம்பரில் மாநிலம் முழுக்கப் போலீஸ் ஆயுதச் சோதனை நடத்தியபோது, வாங்குபவரின் பெயர், முகவரியை எழுதிவையுங்கள், கேமரா பொருத்துங்கள் என்று பட்டறைக்காரர்களிடம் சொல்லப்பட்டது. அரிவாளுக்காவது தென்னை வெட்ட, முள் வெட்ட என்று விவசாயக் காரணம் உண்டு. வாளுக்கு அவர் என்ன காரணம் எழுதுவார்? நடுவில் நிற்கும் அந்தத் ‘தெரிந்தவர்’ கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவார். விசாரணை என்று வந்தால் உலை முன்னால் உட்கார்ந்திருப்பவரைத்தான் ஜீப்பில் ஏற்றுவார்கள். இணையத்தில் ஒரு கேள்வியும் கேட்காமல் வாள் விற்க முடிகிறது, வியர்வை சிந்துகிற கொல்லர் மட்டும் பதிவேடு வைக்க வேண்டும். இது எனக்கு ஆறவே ஆறாத கோபம்.

உரிமம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகளில் வாள் ஐந்தாம் வகை ஆயுதம். 9 அங்குலத்துக்கு மேல் நீளமான, அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகு கொண்டவையும் அதே வகைதான். வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கானவை மட்டும் விலக்கு. மத்திய அரசு 4-வது பிரிவின் கீழ் அறிவிக்கை செய்த பகுதிகளில் இவற்றை வைத்திருக்கவே உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதை 10-வது பிரிவு உரிமத்துக்குள் வைக்கிறது. “கஸ்டம்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன், அலங்காரப் பொருள் என்று எழுதிவிடலாம்” என்று சொல்லும் ஏஜென்டிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பொய் விவரம் எழுதிய பார்சல் பிடிபட்டால் அதில் இருப்பது உங்கள் பெயர்தான். தற்காப்புக் கலைச் சங்கத்தின் லெட்டர்பேடில் ‘பயிற்சிக்காக வாள் வைத்திருக்க அனுமதிக்கப்படுகிறது’ என்று எழுதி விற்கும் ஆட்களும் கிளம்பியிருக்கிறார்கள். அந்தத் தாளுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை.

ஒரு விலக்கைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், எல்லோரும் அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பொம்மையாக மட்டுமே பயன்படக்கூடிய, உபயோகப்படும் ஆயுதமாக மாற்றவும் முடியாதவற்றைச் சட்டம் ஆயுதம் என்ற விளக்கத்திலிருந்தே நீக்கியிருக்கிறது. இதைக் காட்டித்தான் “கூர் இல்லாத வாள், கேஸ் வராது” என்று விற்கிறார்கள். நிதானமாகப் படியுங்கள்: கூர் இருக்கிறதா என்பதோடு விஷயம் முடியவில்லை, ஆயுதமாக மாற்ற முடியுமா என்றும் பார்க்க வேண்டும். மழுங்கிய எஃகு அலகைச் சாணைக்காரரிடம் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் கூர் வந்துவிடும். ஆகவே மழுங்கிய எஃகு வாளை இந்த விலக்குக்குள் தைரியமாக வைக்க முடியாது. மரவாள், மூங்கில் வாள், நுரைப்பஞ்சு வாள் ஆகியவற்றில் சாணை பிடித்தாலும் ஒன்றும் வராது. ஜப்பானில் பயிற்சிக்கென்றே துத்தநாக, அலுமினியக் கலவையில் வார்க்கும் இயாய்தோ என்ற வாள் உண்டு. எஃகு வாளுக்கு அங்கே அவ்வளவு கெடுபிடி இருப்பதால் வந்த ஏற்பாடு அது. அந்த உலோகத்தில் வெட்டும் கூர் நிற்காது. என்றாலும் அதன் முனை கூர்மையானது, குத்தினால் இறங்கும். பார்க்க அசல் வாள்போலவே இருக்கும். ரோட்டில் சோதனை செய்யும் காவலரிடம் நின்று உலோகவியல் விளக்க முடியாது. அதனால் அதையும் பையில் வைத்து ஜிப் போட்டு, பில்லோடுதான் எடுத்துப்போக வேண்டும். பஸ்ஸில் தோளில் தொங்கவிட்டுப் போகக் கூடாது.

எதுவாக இருந்தாலும் வாளோடு ரீல்ஸ் எடுக்காதீர்கள், பிறந்தநாள் கேக் வெட்டாதீர்கள். பட்டாக்கத்தியால் கேக் வெட்டி வீடியோ போட்டு வழக்கு வாங்கிய பிள்ளைகளின் செய்தி நம் ஊர்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது.

உங்கள் 8,000 ரூபாய்க்கு என் யோசனை இதுதான். முதலில் இரண்டாயிரத்துக்குள் ஒரு நல்ல மரவாள் வாங்குங்கள். ஜப்பானில் ஓக் மரத்தில் செய்வார்கள், நீளம் சுமார் 101 சென்டிமீட்டர். நம் தச்சரிடம் கொடுத்தால் புளியிலோ கருவேலத்திலோ இழைத்துத் தருவார். தேக்கு வேண்டாம், மோதினால் சிம்பு பிளக்கும். மரத்தின் ரேகை அடியிலிருந்து முனைவரை அறுபடாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். குறுக்கே ஓடினால் அந்த இடத்தில்தான் முறியும். சிலம்பக் கம்பைத் தேர்ந்தெடுத்துப் பழகிய உங்களுக்கு இது கைவந்த வேலை.

மீதிப் பணத்தை ஒரு முறையான ஆசிரியரிடம் கற்கச் செலவிடுங்கள். ஓராண்டு பழகிய பிறகும் ஆசை தணியவில்லை என்றால் இயாய்தோவுக்குச் சேமிக்கலாம். அது நம் பணத்தில் இருபதாயிரத்தைத் தாண்டும். கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவில் இருக்கும் காவல் தட்டை ஒட்டிப் பிடித்துக் கையை இயல்பாகத் தொங்கவிட்டால் முனை தரையைத் தொடாமல் கணுக்கால் அருகே நிற்க வேண்டும். அதுதான் உங்கள் அளவு. அதற்கு மேல் நீளம் வாங்கினால் உறையிலிருந்து உருவ முடியாமல் கையைக் கிழித்துக்கொள்வீர்கள்.

உலோக வாள் எதையும் ஆர்டர் செய்யும் முன் அதற்கு உரிமம் வேண்டுமா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். மாநகர எல்லைக்குள் இருப்பவர்கள் போலீஸ் கமிஷனர் அலுவலகத்திலும், வெளியே இருப்பவர்கள் கலெக்டர் அலுவலகத்திலும் கேட்கலாம். ஒரு மேசையில் வேண்டும் என்பார்கள், அடுத்த மேசையில் வேண்டாம் என்பார்கள், மூன்றாவது மேசையில் “உனக்கு எதுக்குப்பா இதெல்லாம்?” என்பார்கள். ஒரு சாதாரண மனிதன் சட்டப்படி நடக்க விரும்பினால் அதற்கான வழியை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுக்க இத்தனை அதிகாரிகளில் ஒருவருக்கு நேரம் இல்லையா? வாய்ப்பதிலை நம்பி வாங்காதீர்கள். பொருளின் பெயர், அலகின் நீளம், எந்த உலோகம், கூர் உண்டா இல்லையா, எங்கே பயிற்சி என்று மனுவில் எழுதி, பொருளின் படத்தை இணைத்து நேரில் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். பதில் கைக்கு வரும் வரை மரவாளே போதும்.