கரும்பும் கையெழுத்தும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கோ நடக்கும் போரில் சாகிறவர்களுக்காக நண்பர்கள் கையெழுத்து வாங்குகிறார்கள். முகம் தெரியாத மக்களுக்காகப் போராடும் இந்த வழக்கம் எப்போது தொடங்கியது? மதம் கொடுத்ததா? வசதியானவர்களின் பொழுதுபோக்குதானே இது? நானும் கையெழுத்திட வேண்டுமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சில நாட்களாகவே இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துப் பழைய தொழிலாளர்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது உங்கள் கடிதம் வந்தது. ‘வசதியானவர்களின் பொழுதுபோக்கு’ என்பது விசாரிக்காமல் சொன்ன சொல். உழைத்துப் பிழைக்கும் ஒருவர் அதைச் சொன்னதால் எனக்குக் கோபமே வந்தது.

1787 மே 22 அன்று லண்டனில் ஓர் அச்சகத்தில் 12 பேர் கூடி, ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக விற்கும் வணிகத்தை ஒழிக்கக் குழு அமைத்தார்கள். அவர்களில் 9 பேர் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். மதத்துக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் மதம் மட்டுமே கொடுத்ததல்ல. ஊர் ஊராக மக்களைத் திரட்டியதில் பெரும்பங்கு சர்க்கரைக்கு உண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வாங்காதீர்கள் என்று 1791-இல் துண்டு நூல்கள் பரவின. வாக்குரிமை இல்லாத பெண்கள் அதைத் தங்கள் அடுப்படியிலிருந்து விலக்கினார்கள். 1792-இல் 519 மனுக்கள், ஏறத்தாழ 3,90,000 கையெழுத்துகளுடன் நாடாளுமன்றத்துக்குப் போயின.

கவுந்தப்பாடிப் பக்கம் எங்கள் அம்மிச்சியின் ஊரில், ஆலை உருளைக்குள் கரும்பைச் செலுத்திவந்த ஒருவருக்கு வலக்கையில் மூன்று விரல்கள் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் முதல் அச்சு வெல்லத்தை அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல் அம்மிச்சி எங்களுக்கு ஒரு துண்டுகூடத் தரமாட்டார். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்பு ஆலைகளில், உருளையில் சிக்கிய அடிமையின் கையை வெட்டி எடுப்பதற்கென்றே பக்கத்தில் கோடரி வைத்திருந்தார்கள் என்று பின்னாளில் படித்தபோது, எனக்கு அது அயலார் கையாகத் தெரியவில்லை.

இப்போது ஷெஃபீல்டுக்கு வருகிறேன். 1789-இல் அங்கே கத்தியும் அரிவாளும் செய்த 769 தொழிலாளர்கள் அடிமை வணிகத்துக்கு எதிராக மனு எழுதினார்கள். அவர்கள் செய்த பொருள்கள் ஆப்பிரிக்கக் கரைக்குக் கப்பலேறி, மனிதர்களுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டன. அந்த வணிகம் நின்றால் அவர்கள் பிழைப்புதான் அடிபடும். அதை அறிந்தே, ஆப்பிரிக்க மக்களின் வழக்கைத் தங்கள் வழக்காகக் கருதுவதாக எழுதினார்கள். அந்த ஊருக்கு அப்போது தனி நாடாளுமன்ற உறுப்பினர்கூடக் கிடையாது. 1862-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வராமல் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதி நூற்பாலைகள் நின்று குடும்பங்கள் பட்டினி கிடந்தபோதும், அப்பகுதியின் மான்செஸ்டர் நகரத் தொழிலாளர்கள் டிசம்பர் 31 அன்று கூடி, அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி அமெரிக்க அதிபர் லிங்கனுக்குக் கடிதம் அனுப்பினார்கள். நூல் விலை கொஞ்சம் ஏறினாலே திருப்பூர் என்ன பாடுபடும் என்று அறிந்தவர் நீங்கள். இவர்களிடம் என்ன வசதியைக் கண்டீர்கள்?

கையெழுத்திடுவதும் இடாததும் உங்கள் விருப்பம். ஆனால் இதை அயலார் வழக்கம் என்று மட்டும் ஒதுக்காதீர்கள். 1833-இல் பிரிட்டனில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தபோது உரிமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு கிடைத்தது. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. அதன்பின் மொரிஷியஸிலும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்த ஒப்பந்தக் கூலி முறை 1917-இல் நிறுத்தப்பட்டதற்கு முன், அதற்கு எதிராக இந்திய நகரங்களில் கூட்டம் போட்டவர்களில் மிகப் பலர் அந்தக் கரும்புத் தோட்டங்களைக் கண்ணால் பார்த்ததே இல்லை.