உடலில் சேரும் நச்சுகளை வெளியேற்ற டீடாக்ஸ் செய்துகொள்ள வேண்டுமா?

கேள்வியில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. காற்று, தண்ணீர், பிளாஸ்டிக் வழியாக வரும் நச்சும் உடலுக்குள்ளேயே உண்டாகும் கழிவும் நாளடைவில் தேங்கிவிடுமா? தேங்கினால் ஜூஸ் விரதம், குடல் கழுவுதல், பாதத்தில் ஒட்டும் பட்டை போன்றவை அதை வெளியே எடுக்குமா? எடுக்காது என்றால் வேறு என்ன வழி?

ஈயம், காட்மியம், கரைப்பான்கள் புழங்கும் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களின் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கும் ஆய்வகத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவன் நான். மருத்துவர் இல்லை. அந்த வேலையில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது: யாராவது "உடம்பில் நச்சு சேர்ந்துவிட்டது" என்றால், எந்த நச்சு, எவ்வளவு என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. ஒவ்வொன்றும் உடலில் ஒவ்வோர் இடத்தில் தங்குகிறது, வேறு வேறு பாதையில் வெளியேறுகிறது. சில மணி நேரத்தில் போய்விடுவதும் உண்டு, இருபது முப்பது வருஷம் அசையாமல் கிடப்பதும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே பானத்தால் எடுக்கிறேன் என்கிறவரிடம் முதலில் பெயரைக் கேளுங்கள்.

உள்ளே உண்டாகும் கழிவை முதலில் பார்த்துவிடலாம், அது எளிது. புரதம் சிதையும்போது அம்மோனியா வருகிறது. அது மூளைக்கு ஆகாது. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றுகிறது, சிறுநீரகம் வெளியே அனுப்புகிறது. இந்தச் சுழற்சியை ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்சலைட்டும் 1932இல் கண்டுபிடித்தார்கள். சிவப்பணுக்கள் சுமார் 120 நாளில் உடையும்போது வரும் பிலிருபினைக் கல்லீரல் நீரில் கரையும்படி மாற்றிப் பித்தநீரில் விடுகிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் வெளியே விட்டு, மீதியைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. கரியமில வாயு மூச்சோடு போகிறது.

இவை தேங்கினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்படி நடக்கும். கண் மஞ்சளாகும், கால் வீங்கும், மூச்சு வாங்கும், நினைவு தடுமாறும். அப்போது தேவைப்படுவது டயாலிசிஸ் போன்ற சிகிச்சை. "கொஞ்சம் சோர்வாக இருக்கிறது, முகத்தில் பரு வருகிறது, ஆகவே கழிவு தேங்கியிருக்கிறது" என்பதற்கு அடிப்படை எதுவும் இல்லை. அந்தச் சோர்வுக்கு இரத்தசோகை, தைராய்டு, தூக்கக் குறைவு என்று தேடிப் பார்க்க வேண்டிய காரணங்கள் நிறைய இருக்கின்றன. டீடாக்ஸ் விளம்பரங்கள் செய்யும் பெரிய கெடுதல் இதுதான் என்று நினைக்கிறேன். காரணத்தைத் தேடும் வேலையை நிறுத்திவிடுகின்றன.

குடலில் பல வருஷத்து மலம் அடையாக ஒட்டியிருக்கும் என்ற பேச்சும் அப்படித்தான். குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை தானாகவே உதிர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. இருந்தாலும் இந்த எண்ணத்துக்கு வயது அதிகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், பெருங்குடல்தான் உடம்பை நஞ்சாக்குகிறது என்று நம்பி, நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார்.

சரி, வெளியிலிருந்து வருபவை. இங்கே கதை சிக்கலானது. கொழுப்பில் கரையும் ஒரு வேதிப்பொருள் வந்தால் கல்லீரல் பெரும்பாலும் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதல் கட்டத்தில் சைட்டோகுரோம் பி450 என்ற என்சைம் குடும்பம் அந்த மூலக்கூறை லேசாக மாற்றுகிறது. இரண்டாம் கட்டத்தில் குளுட்டதயோன், சல்பேட், குளுக்குரோனிக் அமிலம் போன்ற ஒன்று அதனோடு ஒட்டப்பட்டு, நீரில் கரையும் சரக்காக அது வெளியேறுகிறது. பலரும் கவனிக்காத சங்கதி, முதல் கட்டத்தில் சில பொருட்கள் முன்பைவிட மோசமாகின்றன என்பது. மெத்தனால் அப்படியே இருந்தால் போதைதான். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றிய பிறகுதான் பார்வை போகிறது. அதனால்தான் மெத்தனால் விஷத்துக்கான சிகிச்சையில், கல்லீரலின் அந்த என்சைமை வேலை செய்ய விடாமல் ஃபோமெபிசோல் என்ற மருந்தைக் கொடுத்துத் தடுக்கிறார்கள். பாரசிட்டமாலும் அளவு மீறினால் இப்படித்தான்: முதல் கட்டத்தில் உண்டாகும் விஷத்தைக் கட்டிப்போடக் குளுட்டதயோன் போதாமல் கல்லீரல் கருகுகிறது. மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரலைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். "கல்லீரலைத் தூண்டிவிடும்" என்று எழுதியிருக்கும் டப்பாவைப் பார்த்தால் எந்தக் கட்டத்தைத் தூண்டும், எதற்காக என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

இனி, யார் எவ்வளவு நாள் தங்குகிறார்கள் என்ற கணக்கு. பிளாஸ்டிக்கிலிருந்து வரும் பிஸ்பீனால் ஏ ஒரே நாளில் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். தண்ணீரில் வரும் ஆர்சனிக் சில நாட்களில். பெரிய கடல்மீன்களில் இருக்கும் மெத்தில் பாதரசம் பாதியாகக் குறைய 50 முதல் 70 நாள். தீயணைப்பு நுரை, ஒட்டாத பூச்சு இவற்றில் வந்த பிஃபாஸ் என்ற வேதிப்பொருள் வகைகளில் ஒன்றான பிஎஃப்ஓஎஸ் பாதியாக 3 முதல் 5 ஆண்டு. எரிக்கும்போது உண்டாகும் டயாக்சின் என்ற நச்சுகளில் மோசமான வகைக்குச் சுமார் 7 ஆண்டு. பட்டியலின் முதல் பாதியில் இருப்பவற்றுக்கு டீடாக்ஸ் தேவையே இல்லை, உள்ளே வருவதை நிறுத்தினால் போதும். நிறுத்தாவிட்டால் எந்த டீடாக்ஸும் பயன்படாது, ஏனென்றால் நாளைக்கு மறுபடி அதே அளவு வந்துவிடும். பட்டியலின் பின்பாதியை ஒரு வார ஜூஸ் அசைக்கக்கூடப் போவதில்லை.

ஈயத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான். ஈயத்தை உடல் கால்சியம் என்று நம்பி எலும்பில் சேர்த்துவிடும். வளர்ந்தவர்களின் உடம்பில் இருக்கும் ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில்தான். இரத்தத்தில் இருப்பது சுமார் ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் இருப்பது பத்து, இருபது, முப்பது வருஷம் கிடக்கும். ஆகவே ஈய வேலையை விட்டவரின் இரத்த அளவு முதலில் சரசரவென்று இறங்கும், அப்புறம் ஓரிடத்தில் நின்றுவிடும். எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். கர்ப்ப காலம், பாலூட்டும் காலம், எலும்பு தேயும் வயது இவற்றில் இந்த வெளியேற்றம் கூடும். சிறுவயதில் சேர்ந்த ஈயம் அடுத்த தலைமுறைக் குழந்தைக்குப் போவது இப்படித்தான்.

பரிசோதனைக்கு வருமுன் கஷாயம், நீராவி, பால் என்று எதையாவது எடுத்துக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றால் எண் இறங்கியதாக எனக்கு நினைவில்லை. எண் இறங்கியதெல்லாம் வேலையிடத்தில் காற்றுறிஞ்சி பொருத்திய பிறகு, வேலை உடையை வீட்டுக்கு எடுத்துப்போவதை நிறுத்திய பிறகு, கை கழுவாமல் சிகரெட்டைத் தொடும் பழக்கம் போன பிறகுதான். உடலில் இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக இருந்தால் குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். ஆகவே இந்த இரண்டும் போதிய அளவு இருப்பது உண்மையான பாதுகாப்பு. சாப்பாட்டுக்கு இதில் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை.

ஈயத்தை எடுக்க மருந்து இல்லையா என்றால், உண்டு. உலோகத்தைப் பற்றிக்கொண்டு சிறுநீரில் போகும் கீலேஷன் மருந்துகள். குழந்தைகளுக்கு இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராம் என்ற அளவை எட்டினால் பொதுவாகத் தொடங்குவார்கள். அவை துத்தநாகம், செம்பு போன்ற வேண்டிய உலோகங்களையும் சேர்த்தே எடுத்துவிடும். பெயரில் ஒரு சொல் மாறினாலே ஆபத்து: ஈடிடிஏ என்ற கீலேஷன் மருந்தில், கால்சியம் உள்ள ஈடிடிஏவுக்குப் பதில் சோடியம் மட்டும் உள்ள ஈடிடிஏவைக் கொடுத்ததால் இரத்தத்தில் கால்சியம் சரிந்து அமெரிக்காவில் 2005இல் குழந்தைகள் இறந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு தந்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் முதலில் கீலேஷன் மருந்தைக் கொடுத்து, அதன் பிறகு சிறுநீர் எடுத்து, "பாருங்கள், பாதரசமும் ஈயமும் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருக்கின்றன" என்று வண்ணப் படத்தோடு அறிக்கை கொடுப்பார்கள். மருந்து கொடுத்தால் யாருடைய சிறுநீரிலும் உலோகம் ஏறும், ஏறத்தான் கொடுக்கிறார்கள். அதை மருந்து கொடுக்காதவர்களுக்கான வரம்போடு ஒப்பிட்டால் ஊரில் எல்லோரும் நோயாளிதான். அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரியே இந்தச் சோதனையை ஏற்கவில்லை. ஈயத்துக்குச் சிரையிலிருந்து (கையில் ஊசி போட்டு) எடுத்த இரத்தம், ஆர்சனிக்குக்கு மருந்து எதுவும் கொடுக்காமல் எடுத்த சிறுநீர் (அதற்கு முன் சில நாள் கடலுணவு இல்லாமல்) என்று கேளுங்கள். தலைமுடிச் சோதனையை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

உடம்பிலிருந்து நச்சை எடுக்கவே முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். 1987இல் பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை இயந்திரத்திலிருந்து சீசியம்-137 ஊருக்குள் பரவியது. 249 பேரிடம் மாசு கண்டறியப்பட்டது. அவர்களில் 46 பேருக்குப் பிரஷ்யன் நீலம் கொடுத்தார்கள். ஓவியர்கள் பயன்படுத்தும் அதே நிறமிதான். சீசியம் குடலுக்குள் சுரந்து மீண்டும் இரத்தத்துக்கே திரும்பும் பொருள். குடலில் வைத்தே நிறமி அதைப் பிடித்து மலத்தில் அனுப்பிவிட்டது. அமெரிக்காவின் ஹோப்வெல்லில் 1975இல் குளோர்டிகோன் என்ற பூச்சிக்கொல்லியால் பாதிக்கப்பட்ட தொழிலாளர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் கொலஸ்டிரமின் மருந்து இதே வழியில் உதவியது. பிஃபாஸ் இரத்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் என்பதால், ஆஸ்திரேலியத் தீயணைப்பு வீரர்களை ஒரு வருஷம் தவறாமல் இரத்தமோ பிளாஸ்மாவோ தானம் செய்யவைத்துப் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவில் இரண்டுமே அளவைக் குறைத்திருந்தன, பிளாஸ்மா அதிகமாக. இந்த மூன்றிலும் பொருளின் பெயர் தெரிந்திருந்தது, அது போகும் பாதை தெரிந்திருந்தது, முன்னும் பின்னும் அளந்தார்கள்.

கடையில் விற்பவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். பாதப் பட்டை ஈரம் பட்டால் கறுக்கும், தண்ணீர் தெளித்தாலும் கறுக்கும். மின்சாரக் கால் தொட்டியில் வரும் பழுப்பு, மின்முனை துருப்பிடிப்பது. வியர்வை கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீரும் உப்பும்தான். கரித்தூள் மாத்திரை, விஷம் விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் உயிர்காக்கும் மருந்து. தினமும் சாப்பிட்டால் நீங்கள் எடுக்கும் மற்ற மாத்திரைகளையும் பிடித்துக்கொள்ளும், ஈயத்தையோ மதுவையோ பிடிக்காது. எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்துப் பித்தக்கற்களை வெளியேற்றும் முறை மட்டும் சுவாரசியமானது, ஏனென்றால் மறுநாள் உண்மையிலேயே பச்சை உருண்டைகள் வரும். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதத்தில் அவற்றைச் சோதித்திருந்தார்கள். கல் இல்லை, குடித்த எண்ணெயே வயிற்றில் சோப்பாகத் திரண்டிருந்தது.

விரதத்தைப் பற்றியும் கேட்பார்கள். பட்டினியில் செல்கள் தம் பழைய பாகங்களைத் தாமே சிதைத்து மறுபடி பயன்படுத்துவது உண்மை. அதன் இயக்கத்தைக் கண்டறிந்ததற்கு ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் கிடைத்தது. அது செல்லின் பராமரிப்பு வேலை, எலும்பிலிருக்கும் ஈயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி, பிசிபி என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் போன்றவை கொழுப்பில் கிடப்பவை. வேகமாக எடை குறைந்தால் அவை இரத்தத்துக்கு வந்து அங்கே அளவு கூடுகிறது என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. எடை குறைக்க வேண்டியவர்கள் இதற்காகப் பயப்பட வேண்டாம், ஆனால் விரதம் நச்சை "எரித்துவிடும்" என்பது சரியில்லை.

மூன்றாவது கேள்விக்கு என் பதில்: வாசலைப் பாருங்கள். பெரும் வெற்றிகள் எல்லாம் அங்கேதான் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் 1976-80 காலத்தில் 1 முதல் 5 வயதுக் குழந்தைகளின் இரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சராசரியாக 15 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது, இன்று 1க்கும் கீழே. யாரும் குழந்தைகளைக் கழுவவில்லை. முக்கியமாகப் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்தார்கள், பெயின்டிலும் தடை செய்தார்கள். ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021இல் நிறுத்திவிட்டது.

வீட்டளவில் என்றால், புகையிலையை விடுவது எல்லாவற்றிலும் முதல். காட்மியம், பென்சீன், நுண்துகள் மூன்றுக்கும் அது ஒரே வாசல். நிலத்தடி நீர் குடித்தால் ஆர்சனிக்குக்கு ஒருமுறை சோதியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கொதிக்கவைத்தால் ஆர்சனிக் போகாது, நீர் வற்றுவதால் அளவு கூடத்தான் செய்யும். பழைய பெயின்டை உலர்வாகச் சுரண்டாதீர்கள், தூசியை ஈரத்துணியால் துடையுங்கள். சமையல் புகை வெளியேற வழி வையுங்கள். கர்ப்பிணிகள் சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்களைத் தவிர்த்துச் சிறிய மீன்களைச் சாப்பிடலாம்.

ஏற்கெனவே ஏதாவது டீடாக்ஸ் பொடியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால் இதை மட்டும் கவனியுங்கள். அடர் பச்சைத் தேயிலைச் சாறு அடைத்த மாத்திரைகளாலும் வேறு பல மூலிகைக் கலவைகளாலும் கல்லீரல் அழற்சி வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஆக்சலேட் நிறைந்த பச்சைச் சாறுகளை நாள்கணக்கில் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்ததும் பதிவாகியிருக்கிறது. சிறுநீர் அடர்நிறமாவது, கண் மஞ்சளாவது, தோல் அரிப்பது, சிறுநீர் குறைவது இவற்றில் எது வந்தாலும் "நச்சு வெளியேறுகிறது, அப்படித்தான் இருக்கும்" என்று விற்றவர் சொல்வதைக் கேட்காமல் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டியிருக்கும்.