சீ கிங் மீட்பு ஹெலிகாப்டர்: உடைந்த வால் ரோட்டருக்கு என்ன செய்வது?

அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கி வேட்டை ஹெலிகாப்டரான எஸ்எச்-3டியின் பிளாஸ்டிக் மாதிரி கிட்டை (1/72 அளவு) வைத்து பிரிட்டிஷ் விமானப்படையின் மஞ்சள் மீட்பு ஹெலிகாப்டரான சீ கிங் எச்ஏஆர்.3 செய்வதாகவும், உடைந்த வால் ரோட்டருக்கு மாற்று தேடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதே பாகத்தைத் தேட வேண்டாம், நண்பரே. அமெரிக்க ரோட்டருக்கு ஐந்து பிளேடு. பிரிட்டிஷ் நிறுவனமான வெஸ்ட்லேண்ட் தயாரித்த எச்ஏஆர்.3க்கு ஆறு. ஒரு தாளில் 60 பாகை இடைவெளியில் ஆறு கோடுகள் வரைந்து, அதன்மேல் வைத்து 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிய பிளேடுகளை நடுக்குமிழில் ஒட்டுங்கள். ரோட்டர் வாலின் இடப்பக்கம், கிடைவால் (வாலில் படுக்கையாக நீளும் சிறு இறக்கை) வலப்பக்கம். இதைப் பலர் மாற்றி ஒட்டிவிடுகிறார்கள்.

எச்ஏஆர்.3 நீர்மூழ்கி வேட்டைக்கானது அல்ல, சோனார் (நீருக்கடியில் ஒலியால் தேடும் கருவி) கிடையாது. ஆகவே அதை இறக்குவதற்கான அடிவயிற்றுத் துளையை மூடிவிடுங்கள். முதுகில் ரேடார் குமிழ் கட்டாயம் வேண்டும். ஆட்களைத் தூக்கும் வின்ச், வலப்பக்கச் சறுக்குக் கதவுக்கு மேலே.

பெயிண்டில்தான் அதிகம் கெடும். மஞ்சளுக்கு மறைக்கும் திறன் குறைவு. சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு)மேல் அடித்தால் அழுக்குப் பச்சையாகத் தெரியும். வெள்ளை பிரைமர் காய்ந்தபின் மூன்று நான்கு மெல்லிய பூச்சாக அடியுங்கள்.

டெக்கால் (மாதிரியில் ஒட்டும் சின்னங்கள், எண்கள்) வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள்: எச்ஏஆர்.3 பணிக்கு வந்தது 1978இல், முதலில் 202ஆம் படைப்பிரிவில். பிரிட்டனில் மீட்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்றது 2015இல்.