வாசகர் கேள்வி: தைராய்டு குழந்தைக்கும் தொற்றுமா?

கேள்வி: எனக்கு இது கர்ப்பத்தின் 10-வது வாரம். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். 6.8 என்று வந்து, லெவோதைராக்சின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். "இது தைராய்டு இன்ஃபெக்‌ஷன், குழந்தைக்கும் ஒட்டிக்கும், மாத்திரை வேற சூடு" என்கிறார் மாமியார். நிறுத்திவிடலாமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. உங்களுக்கு இருப்பது கிருமித் தொற்று இல்லை, யாருக்கும் ஒட்டாது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனைத் தேவைக்குக் குறைவாகச் சுரக்கிறது, அதை இன்னும் சுரக்கச் சொல்லி மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி விரட்டுகிறது, அப்படி விரட்ட அது அனுப்பும் ஹார்மோன்தான் டி.எஸ்.ஹெச்., அதனால்தான் அது ஏறியிருக்கிறது. முதல் மூன்று மாதம் குழந்தை தன் மூளை வளர்ச்சிக்கு உங்கள் ஹார்மோனைத்தான் நம்பியிருக்கிறது. மாத்திரையில் இருப்பதும் அதே ஹார்மோன்தான், சூடெல்லாம் கிடையாது. அடுத்த முறை மாமியாரையும் கூட்டிப்போய் டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள், பாவம், அவரும் பயத்தில்தான் சொல்கிறார்.

தைராய்டில் நிஜமாகவே தொற்று வருவது ரொம்ப அபூர்வம். வந்தால் காய்ச்சல் அடிக்கும், கழுத்தின் முன்பக்கம் சிவந்து வீங்கும், தொட்டாலே வலிக்கும், எச்சில் விழுங்கினால் காது வரை குத்தும். அப்படி இருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கழுத்தில் அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள், அதனால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. தேவைப்பட்டால் ஊசியில் சீழ் எடுத்துப் பார்த்து, கர்ப்பிணிக்கு ஏற்ற ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். கதிரியக்க அயோடின் ஸ்கேன் மட்டும் கர்ப்ப காலத்தில் கூடவே கூடாது.

இப்போது மாத்திரை விஷயம், பலரும் கோட்டை விடுவது இங்கேதான். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, டீ, காபி, டிபன் எதுவானாலும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்துத்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் அவை இதை உடம்பில் சேரவிடாது. நம் பக்கத்துக் கேழ்வரகுக் களியையும் கூழையும் விட வேண்டாம், கால்சியம் நிறைந்தது என்பதால் மாத்திரை போட்ட உடனே மட்டும் வேண்டாம். காலையில் வாந்தி நிற்கவில்லையா, இரவு சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சமையலுக்கு அயோடின் உப்பு.

பாதி கர்ப்பம் வரை 4 வாரத்துக்கு ஒரு முறை டி.எஸ்.ஹெச். பார்த்து, 2.5-க்குக் கீழே வருகிற மாதிரி அளவைக் கூட்டிக் குறைப்பார்கள், அப்புறம் 30-வது வாரத்தையொட்டி ஒரு முறை. பிரசவமாகி 6 வாரத்தில் உங்களுக்கு மறுபடி பார்க்க வேண்டும். குழந்தைக்கும் பிறந்த சில நாளில் குதிகாலில் ரத்தம் எடுத்து தைராய்டு பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.