தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ரயில் வரும் சத்தம் கேட்காதா?

‘அவ்வளவு பெரிய வண்டி வருவது கேட்காதா, எப்படி அடிபடுகிறார்கள்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பதினோரு வருடமாக டிராக்மேன், அதாவது தண்டவாளம் பராமரிக்கிற வேலை பார்க்கிறேன். சத்தம் கேட்கும். ஒதுங்க நேரம் இருக்கும்போது கேட்பதில்லை, அதுதான் சிக்கல்.

முன்பு தண்டவாள இணைப்புகளில் சக்கரம் தடக் தடக் என்று தட்டிக்கொண்டே வரும். இப்போது நீளத்துக்கு வெல்டிங் செய்த தண்டவாளம், இழுப்பதும் மின்சார எஞ்சின். போதாததற்கு தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்தும் கிளிப்பைச் சம்மட்டியால் அடிக்கிற சத்தமே எங்கள் காதை அடைத்திருக்கும். சென்னை - கூடூர் போன்ற தடங்களில் வேகம் 130 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 36 மீட்டர். குனிந்திருக்கிற ஆள் நிமிர்ந்து என்ன ஏது என்று பார்ப்பதற்குள் வண்டி 100 மீட்டர் வந்துவிடும்.

சேர்ந்த புதிதில் ஒரு தூறல் நாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லைன், ஒரு திசைக்கு அப், எதிர்த்திசைக்கு டவுன். அப் லைனில் கூட்ஸ் வந்தது. ஒதுங்கி, டவுன் லைன் நடுவில் நின்று பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி சட்டைக் காலரைப் பிடித்து ஜல்லிச் சரிவில் இழுத்துத் தள்ளினார். முழங்கை கிழிந்தது. டவுனில் எக்ஸ்பிரஸ் போனது. கூட்ஸ் சத்தத்தில் எனக்கு எதுவுமே கேட்கவில்லை. “ஆளைக் கொல்றது ரெண்டாவது வண்டிதான்டா” என்றார். அன்றிலிருந்து எந்த லைனில் வண்டி வந்தாலும் சாமான்களோடு இரண்டு லைனையும் விட்டு வெளியே இறங்கிவிடுவேன். வண்டிக்கு முதுகைக் காட்டுவதும் கிடையாது. வண்டியில் தொங்கும் கயிறு அடிக்கும் என்பது மட்டுமில்லை, ஜன்னல் வழியே பயணிகள் வீசும் தண்ணீர் பாட்டில் கல் மாதிரி விழும்.

காதுக்குப் பதில் நாங்கள் நம்புவது லுக்அவுட் ஆளை. விசில், கொடி, கண் எல்லாம் அவர்தான். அவருக்கு வேறு வேலையே இருக்கக்கூடாது. ஆள் குறைவு என்று ‘கொஞ்சம் கைகொடு’ என்று அவரையும் கூப்பிடுகிற நாளில்தான் எனக்குப் பயம். வளைவு என்றால் தூரத்தில் இன்னொருவர் நின்று கொடி காட்டுவார். தண்டவாளத்தைக் கழற்றும் வேலை என்றால் கதையே வேறு: வேலை இடத்திலிருந்து 600 மீட்டரில் தடத்துக்குக் குறுக்கே கட்டும் சிவப்பு பேனர் கொடி, 1200 மீட்டரில் சக்கரம் ஏறினால் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் டெட்டனேட்டர்.

அப்புறம் போன். வீட்டில் இருந்து வந்தாலும் வேலிப் பக்கம் போய்த்தான் எடுப்பேன். மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை என்றால், வண்டி போகிறது போல என்று மனைவியே வைத்துவிடுவாள்.